ஹொக்கி மண்டபத்து ஓர்கனும் பிலோ அக்காவும்

என் பாசத்துக்குரிய பிலோ அக்கா,

எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதத் தொடங்கிவிட்டு வெட்டினேன். கை தன்பாட்டில் எழுதிவிடுகிறது, என்ன செய்ய. உங்களை மண்ணுக்குள் வைத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போதும் வேலைக்குப் போனால் இரண்டு பேருக்குக் கையுறை எடுக்கிறேன்.

உங்கள் ஆண்டு நினைவு மலருக்கு நான்தான் கடிதம் எழுத வேண்டுமாம். உங்கள் மகள் அனிற்றா சொல்லிவிட்டாள். கேட்கவில்லை, சொன்னாள். "நீங்கதான் எழுதோணும் அன்ரி. எல்லாத்தையும் எழுதோணும். ஒண்டும் விடப்படாது." சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னோடு கதை விட்ட இந்தப் பன்னிரண்டு நாளில் அவள் பேசிய நீண்ட பேச்சு அதுதான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இவர் புவாண்ட்-கிளேர் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். நேற்றும் மண்டபத்தில் ஹொக்கி ஆட்டம் இருந்தது. முழங்கால் இரண்டும் கடுக்கிறது. சோறு வடித்து மூடிவிட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். அக்கா, உங்களுக்கு நான் ஒரு பெரிய பிழை செய்துவிட்டேன். அது உங்களுக்குத் தெரியாமலே நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஊர் வாசித்து என்ன நினைத்தாலும் நினைக்கட்டும், எனக்கு ஒளித்து ஒளித்துக் களைத்துப்போய்விட்டது.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அதனால் முதலில் இருந்து சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள்.

நீங்கள் மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். நாடு விட்டு இங்கே வந்து, எண்பத்தாறில் ஒரு குளிர்காலக் காலையில் நகரத்து ஹொக்கி அணியின் மண்டபத்துப் பின்கதவில் சந்தித்தோம். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை. பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டு ஒரு கறுப்பு வட்டைத் தடியால் அடித்து விளையாடுவார்களே, அந்த விளையாட்டு. இந்த ஊர்ச் சனம் அதற்காகச் செபம் கூடச் செய்யும். எங்களுக்குக் கிடைத்தது கழுவித் துடைக்கிற வாளியும் தும்புத்தடியும். நான் "பேந்து செய்வம்" என்றால் நீங்கள் "மறுகா செய்வம்" என்பீர்கள். பிறகு என்பதை எப்படிச் சொன்னாலும் வேலையை இப்போதே செய்ய வைத்தார்கள்.

ஆட்டம் மூன்று பகுதி, நடுவில் இரண்டு இடைவேளை. இடைவேளை விட்டதும் அவ்வளவு சனமும் கழிப்பறைக்கு ஓடிவரும். அதற்கு முன் நாங்கள் கழுவி, தாள் வைத்து, நிலம் துடைத்து ஒதுங்கிவிட வேண்டும். கழிப்பறைகள் இருந்தது இருக்கைகளுக்கு அடியில், ஆட்கள் நடந்துபோகிற நீட்டு ஓடையில். அங்கிருந்து பனியும் தெரியாது, விளையாடுகிறவர்களும் தெரியாது. கையில் மணிக்கூடு கட்டியிருந்தும் பிரயோசனமில்லை, ஏனென்றால் ஆட்டம் நின்று நின்றுதான் போகும். இருபது நிமிடம் என்பார்கள், நாற்பதும் ஆகும். முதல் இரண்டு கிழமையும் சனத்துக்கு நடுவில் வாளியோடு மாட்டுப்பட்டு, மேற்பார்வைக்காரியிடம் ஏச்சு வாங்கினோம்.

வழி கண்டுபிடித்தது நீங்கள்தான். கூரைக்குக் கிட்ட ஒரு சின்ன மேடையில் ஒரு வயதான மனுசன் இருந்து விரலால் கட்டை அழுத்தி ஓர்கன் வாசிப்பார். அது அந்த அணியின் பழைய வழக்கம். நான் அதை வெறும் சத்தமாகத்தான் கேட்டேன். நீங்கள் மட்டக்களப்பில் பதினெட்டு வருடம் மாதா கோயிலில் மிதி ஓர்கன் வாசித்தவர், உங்கள் காது வேறு. ஒரு நாள் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, உங்கள் ஊர்க் "கா" போட்டுச் சொன்னீர்கள்: "சறோ, இந்த மனுசன் சும்மா வாசிக்கல்ல கா. உள்ளுக்கு நடக்கிறதெல்லாம் சொல்லுறார். கவனிச்சுக் கேளு."

அன்றிலிருந்து நாங்கள் ஆட்டத்தைக் காதால் பார்த்தோம். வீரர்கள் பனிக்கு இறங்கும்போது துள்ளலாக ஒன்று, அதற்குக் "கதவு திறக்கிற பாட்டு" என்று பெயர் வைத்தீர்கள். படிப்படியாக ஏறி நின்று, சனம் கைதட்டிக் கத்தினால் அது "ஏத்திவிடுற பாட்டு". எதிரணிக்காரன் முரட்டுத்தனம் செய்து இரண்டு நிமிடம் ஒதுக்கி இருத்தப்பட்டால் ஆளைச் சிறையில் போட்டதுபோலக் கேலியாக ஒரு மெட்டு வரும், அது "மறியல் பாட்டு". எங்கள் அணி கோல் போட்டால் ஓர்கன் கூரையைப் பிய்க்கும். எதிரணி போட்டால் அந்த மனுசன் ஒரு விரல் கூட அசைக்கமாட்டார். அதுவும் அங்கே வழக்கம். திடீரென்று எல்லாம் அமைதியானால் நீங்கள் நெஞ்சில் சிலுவை போட்டு, "ஐயோ, நமக்குக் கோல் விழுந்திட்டு" என்பீர்கள்.

பகுதி முடியக் கிட்டவாக மெட்டுக்களின் வேகம் மாறும். நீங்கள் தலையைச் சரித்துக் கேட்பீர்கள். "இன்னும் ரெண்டு நிமிசம், வாளிய எடு." ஒரு நாளும் பிழைத்ததில்லை. பிறகு மற்றப் பெண்களும் எங்கள் பக்கம் பார்த்துத்தான் வாளி தூக்கினார்கள். ஏசிய மேற்பார்வைக்காரியே கடைசியில் உங்களிடம் வந்து, எப்போது என்று கைச்சாடையில் கேட்டாளே, நினைவிருக்கிறதா?

தொடக்கத்தில் தேசிய கீதம் பாடும்போது மட்டும் யாரும் வேலை செய்யக்கூடாது. ஒரு பெரிய மனுசன் கோட்டுச் சூட்டோடு நின்று பிரெஞ்சில் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறுவார். நாங்கள் கீழே தும்புத்தடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்போம். நான் மட்டும் பாடமாட்டேன். ஊரில் படமாளிகையில் கீதத்துக்கு எழும்ப மறுத்ததற்காக என் அண்ணையை அடித்திருக்கிறார்கள். நீங்கள் மெல்லிய குரலில் கீழ்க்குரல் சேர்த்துப் பாடுவீர்கள். "பாட்டு என்னத்தச் செஞ்சது கா? பாட்டோட கோவிக்காத" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. அன்று முழுக்க உங்களோடு கதைக்கவில்லை.

இங்கே கோயிலில் ஓர்கன் வாசிக்க நீங்கள் ஒரு முறை கேட்டுப் பார்த்தீர்கள். ஏற்கனவே ஆள் இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கழுவுகிற மருந்துத் தண்ணீரில் விரல் நுனிகள் வெடித்து, இரவில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு படுப்பீர்கள். "இந்த விரலால இனி எதைத் தொட்டாலும் கிழியும்" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனித்தான் கசெற் கதை.

ஊரில் சண்டைக்குள் உங்கள் புருசனைப் பிடித்துக்கொண்டு போய், ஆள் திரும்பி வரவில்லை. அனிற்றாவை உங்கள் தங்கச்சியிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தீர்கள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. எழுத நேரமில்லாத எல்லாரையும் போல நீங்களும் கசெற்றில் பேசித்தான் ஊருக்கு அனுப்புவீர்கள். ஆட்டம் உள்ள நாட்களில் காலையில் வெறும் மண்டபத்தில் கதிரை துடைப்போமே, அந்தத் தேத்தண்ணி நேரத்தில் கசெற் பதிகிற என் சின்ன ரேப்பை மடியில் வைத்துப் பேசுவீர்கள். ஒரு நாள் நீங்கள் பேசிக்கொண்டிருக்க, மேலே அந்த மனுசன் வந்து வாசித்துப் பழகத் தொடங்கிவிட்டார். ஓர்கன் சத்தமும் சேர்ந்து பதிந்துவிட்டது. இன்னொரு கசெற் வாங்க வேண்டாம் என்று அதையே தபாலில் போட்டோம்.

இரண்டு மாதத்தால் அனிற்றாவின் கடிதம் வந்தது. நீங்கள் அதை ஓடையில் நின்று எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். "அம்மா, அந்த ஓர்கன் நீங்களா வாசிச்சது? எவ்வளவு பெரிய சத்தம்! பள்ளியில எல்லாருக்கும் போட்டுக் காட்டினன்." வாசித்துவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து வாசித்தீர்கள். அக்கா, அந்த ஒரு நிமிடம் உங்கள் முகத்தை நான் பார்த்தேன். நான் அறிந்த மட்டில் இந்த நாட்டில் அப்படி ஒரு முகம் உங்களுக்கு அதற்கு முன் இருக்கவில்லை.

"என்ன எழுதுற கா?" என்று கேட்டீர்கள். நான்தான் சொன்னேன்: "ஓமெண்டு எழுதுங்கோ அக்கா. பிள்ளை சந்தோசப்படட்டும். என்ன குறையப் போகுது?"

அதுதான் முதல் பிழை. என்னுடைய பிழை. நீங்கள் இரண்டு நாள் யோசித்தீர்கள். நான் மூன்றாம் நாளும் அரித்தேன். எழுதினீர்கள்.

பிறகு பொய் தன்பாட்டில் வளர்ந்தது. ஆட்டம் நடக்கும்போது ஓடையில் வைத்துப் பதிந்தோம், கைதட்டல் கேட்க வேண்டும் என்று. கசெற்றில் நீங்கள் விளக்கம் சொல்வீர்கள், கோல் விழுந்தால் அம்மா இப்படி வாசிப்பேன், எதிரணி போட்டால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன், வெல்லப்போகிற ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் சனமெல்லாம் சேர்ந்து எதிரணியைப் போய்வரச் சொல்லிப் பாடும், அதற்கு அம்மாதான் சுருதி கொடுப்பேன் என்று. ஒரு முறை உங்களை மறந்து, "இண்டைக்கு அந்த மனுசனுக்கு இடக்கை சோம்பல்" என்று சொல்லிவிட்டு, ஐயோ என்று வாயைப் பொத்தினீர்கள். அதைத் திரும்பப் பதிந்தோம். விழுந்து விழுந்து சிரித்தோம் அன்று. சிரித்தோமே அக்கா, என்ன பாவம் செய்கிறோம் என்று தெரியாமல்.

அடுத்த வருடம் உங்களுக்கு இந்த நாட்டில் இருக்கப் பேப்பர் சரிவந்தது. மகளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டோம். தொழில் என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினோம், துப்புரவுப் பணி என்று. அரசாங்கத்துக்குப் பொய் எழுத இரண்டு பேருக்கும் பயம். பிள்ளைக்குச் சொன்ன பொய்யும் அரசாங்கத்துக்குச் சொன்ன உண்மையும் ஒரே மேசைக்குப் போய்ச் சேரும் என்று எங்களுக்குப் புத்தி ஓடவே இல்லை.

அனிற்றாவுக்குக் கொழும்பில் விசாவுக்கு நேர்முகம் என்று கடிதம் வந்த கிழமை, நீங்கள் ஒரு கசெற்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தீர்கள். "இத நாளைக்கே போட்டிரு சறோ. நான் அவளுக்கு உண்மையச் சொல்லிட்டன். பொய்யோட அவள இஞ்ச இறக்க எனக்கு ஏலா." தபாற்கந்தோர் என் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தபடியால் எப்போதும் நான்தான் போடுவேன்.

அந்தக் கசெற்றை நான் போட்டுக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. உங்கள் குரல் அழுகையில் உடைந்து உடைந்து வந்தது. நேர்முகத்துக்கு மூன்று கிழமை இருக்க, இதைக் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை கொழும்புக்குப் போய் எப்படி வாய் திறந்து கதைக்கும் என்று நினைத்தேன். பேந்து அனுப்புவம், நேர்முகம் முடியட்டும் என்று சேலைப் பெட்டிக்குள் வைத்தேன். நீங்கள், "போட்டியா?" என்று கேட்டபோது, "ஓம் அக்கா" என்றேன்.

போடவில்லை அக்கா. அந்தக் கசெற் போகவே இல்லை.

கொழும்பில் அவளிடம் அம்மா என்ன வேலை செய்கிறா என்று கேட்டிருக்கிறார்கள். ஹொக்கி மண்டபத்தில் ஓர்கன் வாசிக்கிறா என்று சொல்லியிருக்கிறாள். கேட்டவர் பேப்பரைப் பார்த்துவிட்டு மூன்று தரம் கேட்டாராம். மூன்று தரமும் அதையே சொன்னாளாம். கோல் விழுந்தால் வாசிக்கிற மெட்டைப் பாடியும் காட்டினாளாம். எல்லாவற்றையும் உங்கள் தங்கச்சி கடிதத்தில் எழுதியிருந்தா. அதற்குப் பின்னால் விசாக் கந்தோரின் கடிதமும் வந்தது. பிள்ளை சொன்னதும் பேப்பரில் உள்ளதும் ஒத்துவரவில்லை, இவள் உங்கள் மகள்தானா என்று ஆதாரம் வேண்டும், ஞானஸ்நானப் பதிவு வேண்டும் என்று. அந்த நேரம் மட்டக்களப்பில் சண்டை, பாதை திறந்தால் கந்தோர் பூட்டு, கந்தோர் திறந்தால் பாதை பூட்டு. மாதங்கள் போயின.

உங்கள் வயிற்றில் கட்டி என்று சொன்னதும் அந்த மாதங்களுக்குள்தான்.

நீங்கள் அந்த நேர்முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பிள்ளையையும் ஏசவில்லை, என்னையும் கேட்கவில்லை. கசெற் கிடைத்ததா என்று மகளிடமும் கேட்கவில்லை. உங்கள் ரோசம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒரு பின்னேரம் நான் உங்களுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தள்ளிவிட்டுக் கேட்டீர்கள்:

"சறோ, உள்ளதச் சொல்லு. அவளுக்கு என்ட வேல வெக்கமாப் போச்சோ கா?"

உண்மை தெரிந்தும் அவள் அந்த ஆளுக்கு முன்னால் ஓர்கன் என்று சொன்னாள், கழுவுகிற அம்மாவைச் சொல்ல வெட்கப்பட்டாள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இத்தனை மாதமும் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள். ஒரு வசனம் போதும் அக்கா. நான் அனுப்பவில்லை என்ற ஒரே வசனம். என் வாயில் வரவில்லை. நீங்கள் என்னை வெறுத்துவிடுவீர்கள் என்று பயந்தேன். "சின்னப்பிள்ளைதானே அக்கா, பேந்து விளங்கும்" என்றேன். சண்டாளி நான், அப்படிச் சொன்னேன்.

"ஓம். மறுகா விளங்கும்" என்றீர்கள். மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். நான்கு நாளில் போய்விட்டீர்கள்.

நாளைக்குச் சொல்வம், நாளைக்குச் சொல்வம் என்று அந்த நான்கு நாளும் உங்கள் கட்டில் ஓரத்தில்தான் இருந்தேன். ஏன் சொல்லவில்லை? இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

முப்பத்தோராம் நாள் நினைவுக் கார்டிலும் என் கை சும்மா இருக்கவில்லை. அது ஊருக்கும் போகும், அனிற்றா பார்ப்பாள் என்று, உங்கள் பெயருக்குக் கீழே ஓர்கன் இசைக் கலைஞர் என்று போடுவித்தேன். செத்த பிறகும் உங்களை உங்கள் வேலையோடு இருக்க விடவில்லை.

பிறகு கோயில்காரர் பொறுப்பெடுத்து, ஞானஸ்நானப் பதிவும் ஒருவாறு வந்து சேர்ந்து, ஒக்ரோபரில் அனிற்றா வந்தாள். பதினாறு வயது. விமான நிலையத்தில் உங்கள் நடையோடு நடந்துவந்தாள். வில்லரேப் பகுதியில் எங்கள் வீட்டுச் சின்ன அறையைக் கொடுத்தோம். வந்த முதற் கிழமையே, "அன்ரி, அம்மா வாசிச்ச இடத்தக் காட்டுவீங்களா?" என்றாள். பேந்து பார்ப்பம் என்றேன். ஒவ்வொரு கிழமையும் கேட்டாள். குளிர் என்றேன், காய்ச்சல் என்றேன், ஆட்டமில்லை என்றேன். இவரும், "விடும், அந்தப் பிள்ளையின்ர மனதிலை தாய் பெரிசா இருக்கட்டும்" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

இன்னொரு பயமும் இருந்தது. உண்மையைச் சொன்னால் என் பாரம் இறங்கும், அவள் தலையில் ஏறும். தான் சொன்ன பதிலால்தான் விசா பிந்தியது, அதனால்தான் அம்மாவின் முகத்தை உயிரோடு பார்க்கவில்லை என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கிவிடுமே? அதை எப்படிச் சொல்வது? நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மூன்று கிழமைக்கு முன் பிரெஞ்சு வகுப்பால் ஓடிவந்தாள், சப்பாத்தும் கழற்றாமல். அவர்களுடைய ரீச்சர் அந்த அணியில் பைத்தியமாம். அம்மா அங்கே ஓர்கன் வாசித்தவ என்று இவள் சொன்னதும் மனுசி துள்ளிக் குதித்ததாம். தானே மண்டபத்துக்குக் கடிதம் எழுதி, அம்மாவின் படம் ஒன்று கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னதாம். "அம்மா ஓர்கனில இருக்கிற படம் அன்ரி! என்னட்ட ஒண்டும் இல்லையே!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அப்படி யாரும் இங்கே வாசிக்கவில்லை என்று அங்கிருந்து பதில் வரும். வகுப்பு முழுக்கப் பார்க்க என் பிள்ளை பொய்க்காரி ஆவாள். முதற் தரம், கொழும்பு நேர்முகத்தில், நான் பேசாமல் இருந்து பார்த்துக்கொண்டேன். இரண்டாந் தரமும் பார்ப்பேனா? ஒரு கிழமை புழுங்கினேன். ரீச்சர் அடுத்த நாள் கடிதத்தை அனுப்பப் போகிறா என்று அவள் சொன்ன அன்று, சேலைப் பெட்டியைத் திறந்தேன்.

"இது உன்ர அம்மா உனக்கு அனுப்பச் சொல்லித் தந்தது. நேர்முகத்துக்கு முந்தி. நான் அனுப்பேல்லை" என்றேன். அவள் என்னையும் கசெற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். ரேப்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்து நானும் கேட்டேன்.

"அனிற்றாக் குஞ்சு, அம்மா உனக்கொரு பொய் சொல்லிட்டன். அம்மா ஓர்கன் வாசிக்கல்ல புள்ள. அம்மா கழுவுறவ. கக்கூசு கழுவுறன், கதிர துடைக்கிறன். மேல வாசிக்கிறது ஒரு வெள்ளக்கார மனுசன். உனக்கு வெக்கமா இருந்தா இருக்கட்டும், நான் கோவிக்கமாட்டன். ஆனா ஆரும் கேட்டா உள்ளதச் சொல்லு." பிறகு நீங்கள் அழுதீர்கள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, அங்கே மழையா என்று கேட்டீர்கள்.

இரண்டு தரம் போட்டுக் கேட்டாள். பிறகு வெளியே வந்தாள். அழவில்லை.

"இது எனக்கு வரல்ல எண்டு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நான் கொழும்பில சொன்னதக் கேட்டு அம்மா என்ன நினைச்சா?"

நான் எழும்பிக் குசினிக்குப் போகப் பார்த்தேன். விடவில்லை, உங்கள் பிள்ளை. "சொல்லுங்க அன்ரி. நான் வெக்கப்பட்டன் எண்டு நினைச்சாவா?"

"ஓம்" என்றேன். "என்னட்டைக் கேட்டவ. நான் மறைச்சுப்போட்டன்." விசா பிந்தினது உன் பிழையில்லை, நான் சொல்லிக்கொடுத்த பொய்யாலும் நான் அனுப்பாத கசெற்றாலும் வந்தது என்றும் சொன்னேன். அவள் அதைக் கேட்டாளோ தெரியாது.

சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு சொன்னாள்: "இது வந்திருந்தா, அந்த ஆள் கேட்டதுக்கு எழும்பி நிண்டு சொல்லியிருப்பன் அன்ரி. என்ட அம்மா கழுவுறா, என்னக் கூப்பிடத்தான் கழுவுறா எண்டு."

ஐயோ அக்கா! அவ்வளவுதான். ஒரு தபால் பெட்டி தூரம்.

அடுத்த நாள் தானே வகுப்புக்குப் போய், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அம்மா அங்கே துப்புரவு வேலைதான் செய்தவ, கடிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். ரீச்சர் என்ன சொன்னா என்று கேட்டேன். அறைக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு கதை இல்லை. சமைத்து வைத்தால் சாப்பிடுகிறாள். கோப்பையைக் கழுவி வைக்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் அதற்குக் குறை சொல்லமாட்டேன். நானே கண்ணாடி பார்ப்பதில்லை.

மண்டபத்தில் எல்லாம் பழையபடிதான். அந்த மனுசன் இப்போதும் வாசிக்கிறார். ஒலிபெருக்கியில் பதிந்த பாட்டுக்களும் இடைக்கிடை போடுகிறார்கள், இளம் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்குதாம். அந்தப் பாட்டுக்களால் ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நேற்றும் சனத்துக்கு நடுவில் மாட்டுப்பட்டேன். காலில் தண்ணீர் ஊற்றுப்பட்டது. புதிதாக வந்த மேற்பார்வைக்காரன் ஏசினான். ஏசட்டும் என்று நின்றேன்.

இன்று காலை அச்சகத்து அண்ணை ரெலிபோன் எடுத்தார், நினைவு மலர் விசயமாக. "தங்கச்சி, போனமுறை கார்டிலை பேருக்குக் கீழை ஓர்கன் இசைக் கலைஞர் எண்டு போட்டனாங்கள். அதையே போடட்டோ?" என்று கேட்டார். நான் "அண்ணை, அது வந்து" என்று இழுத்தேன். அறைக் கதவு திறந்தது. அனிற்றா வந்து என் கையிலிருந்து ரெலிபோனை வாங்கினாள்.

"நான் மகள் கதைக்கிறன். அதப் போட வேணாம். ஹொக்கி மண்டபத்தில கழுவுறவ எண்டு போடுங்க."

அவர் ஏதோ சொன்னார். துப்புரவுப் பணியாளர் என்று போட்டால் மரியாதையாக இருக்கும் பிள்ளை என்றாராம்.

"அம்மா சொன்னபடியே போடுங்க அங்கிள். அம்மாட பேர் எவ்வளவு பெரிசோ, அதே அளவு பெரிசாப் போடுங்க."

ரெலிபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் சொன்னாள், இந்தக் கடிதத்தை நான் எழுத வேண்டும் என்று.

அக்கா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை, கேட்கவும் மாட்டேன். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். உங்களைப் பற்றி ஆர் கேட்டாலும் முதலில் உங்கள் வேலையைச் சொல்வேன், அடுத்ததாக என் பிழையைச் சொல்வேன். அனிற்றா கதைத்தாலும் கதைக்காவிட்டாலும் இந்த வீட்டில் அவளுக்குச் சோறும் உண்மையும் சூடாக இருக்கும். நீங்கள் ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விக்கு, ஒரு வருடம் பிந்தி, இப்போது பதில் சொல்கிறேன். வெட்கப்படவில்லை அக்கா. உங்கள் பிள்ளை ஒரு நாளும் வெட்கப்படவில்லை.

உங்களோடு வாளி தூக்கிய தங்கச்சி,
சறோ